ஒருநாள் விட்டு ஒருநாள்

"சொல்லத்தான் போறேன் மச்சான். போனதும் முதல் வேலையா அந்த டாக்டர்கிட்ட..."

"சொல்லாதன்னு நான் எத்தன தடவ..."

"...உள்ளத உள்ளபடி சொல்லிட்டு வந்துர்றேன். ஏதாச்சும் மாத்திரை சாப்புடுறீங்களான்னு கேட்டாங்க..."

"...கேட்டப்ப இல்லைன்னு சொன்னது யாரு, நீதானே? இப்பப் போயி மாத்திப் பேசுனா பொய்க்காரின்னு எழுதிருவாங்க. ஒரு ஆஸ்பத்திரியில எழுதுனா இப்ப எல்லா ஆஸ்பத்திரியிலயும் தெரியும்."

"தெரிஞ்சா தெரியட்டும். கத்தி வைக்கப் போறது என் வயித்துல."

"எம்பேர்லயும் ஏறும் புள்ள. அதச் சொல்றேன்."

"பாய், ரெண்டு பேரும் கொஞ்சம் மெதுவாச் சண்ட போடுங்க லா," என்றார் எதிர்க்கடை அண்ணாதுரை. "என் பால் திரிஞ்சிரும் போல இருக்கு."

சிங்கப்பூர் தேக்கா உணவங்காடியில் பாதிக் கடைகள்தான் திறந்திருந்தன. வெளியே டிசம்பர் மழை. பஃபலோ ரோட்டுப் பக்கமிருந்து அடித்த சாரல் முதல் வரிசை மேசைகளை நனைத்துவிட்டிருந்தது. சந்தைப் பக்கத்திலிருந்து மீன் வாடையும், நனைந்த அட்டைப்பெட்டிகளின் வாடையும் வந்தன. அதையெல்லாம் மீறி ஜலாலுதீனின் பிரியாணிக் கடை அண்டாவிலிருந்து நெய்யும் பட்டையும் மணத்தன. அவர் இஞ்சி பூண்டு விழுதைப் போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி ருக்கையா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். எவ்வளவு பெரிய சண்டையானாலும் அவர்கள் கை நிற்காது. பேச்சு சூடாக ஆக, வெங்காயம் இன்னும் மெல்லிசாக விழும். அவர்கள் சண்டை போட்ட நாளில் பிரியாணி நன்றாக இருக்கும் என்று அண்ணாதுரை சொல்வதுண்டு.

"என்னத்த எழுதிருவாங்கன்னு இவ்வளவு பயப்படுறீங்க?" என்று டீயைத் தூக்கி ஆற்றிக்கொண்டே கேட்டார் அண்ணாதுரை.

"உனக்கு எதுக்குப்பா?"

"சும்மா தெரிஞ்சிக்கத்தான் பாய்."

ருக்கையா கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். வெங்காயக் கண்ணீர்தான். "நேத்து ஆப்பரேஷனுக்கு முந்தி செக்கப்புன்னு கூப்பிட்டாங்கள்ல அண்ணாதுரை, அங்க ஒரு நர்ஸ் புள்ள. நம்ம தமிழ்ப் புள்ளதான், ரக்ஷனான்னு பேரு. என் ஐ.சி. அட்டைய வாங்கி, நம்பரைக் கம்ப்யூட்டர்ல ஒரு தட்டு தட்டுச்சு பாரு. நான் பொறந்ததுலேருந்து வந்துருச்சு."

"பொறந்ததுலேருந்து எல்லாம் வராது," என்றார் ஜலாலுதீன் அண்டாவைப் பார்த்தபடி.

"எம்மக அஃப்ரீன் பொறந்தது வந்துச்சுல்ல. தடுப்பூசி வந்துச்சு. முன்ன இந்தக் கையில நெய் கொட்டிக்கிட்டு ஃபேரர் பார்க்குல ஒரு கிளினிக்குக்குப் போனேனே, எனக்கே மறந்து போச்சு, அதுவும் வந்துருச்சு. அது வேற கிளினிக், இது ஆஸ்பத்திரி, இங்க எப்படிம்மா வந்துச்சுன்னு கேட்டேன். எல்லாம் இப்ப ஒண்ணா இணைச்சாச்சு ஆன்ட்டி, எங்க பாத்தாலும் ஒரே இடத்துல தெரியும்னுச்சு. அப்புறம் சிரிச்சிக்கிட்டே, 'உங்க வயசுல இவ்வளவு கிளீனான ஸ்கிரீன் நான் பாத்ததே இல்ல ஆன்ட்டி, ஒரு மாத்திரைகூட இல்ல'ன்னுச்சு."

"அந்தப் புகழ்ச்சியில மயங்கித்தான் இவ இல்லைன்னுட்டா," என்றார் ஜலாலுதீன்.

"ஆமா, மயங்கிட்டேன். நீங்க பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க, எழுப்ப வேண்டியதுதானே."

அண்ணாதுரை சிரித்தார். ஜலாலுதீன் சிரிக்கவில்லை.

கதை இதுதான். ருக்கையாவின் பித்தப்பையில் கல். தீபாவளிக் கூட்டம் நெரிந்த நேரத்தில் வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொண்டு கடைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாள். ஸ்கேனில் கல்லைப் பார்த்தார்கள். அடுத்த வாரம் அறுவை சிகிச்சை. நேற்றுப் பரிசோதனையில் இரத்தம் எடுத்த இடம் இன்று காலை முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டு வரை கறுநீலமாகப் பரவியிருந்தது. கடை திறக்கும்போதே ஆஸ்பத்திரியிலிருந்து போன். இரத்தத்தில் ஒரு முடிவு சரியாகப் புரியவில்லையாம், மத்தியானம் இன்னொரு தடவை வரச் சொன்னார்கள்.

ருக்கையாவுக்கு அது ஏன் என்று தெரிந்துவிட்டது. ஜலாலுதீனுக்கும் தெரியும்.

போன வருடம் நோன்புக்கு முன்னால் ஜலாலுதீனுக்கு நெஞ்சில் அடைப்பு வந்து வேறோர் ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் என்னும் குழாய் வைத்தார்கள். அவர் வீட்டுக்கு வந்த அன்றே ருக்கையாவுக்கும் நெஞ்சைப் பிசைகிற மாதிரி வந்தது. படியேறினால் மூச்சு வாங்கியது. டாக்டரிடம் போ என்றால் போக மாட்டாள். அவர் படுக்கையில், இவளும் போய் வரிசையில் உட்கார்ந்தால் கடையை யார் பார்ப்பது. அவளுக்கு அக்கா முறை, ராத்தா ஒருத்தி இப்படித்தான், நெஞ்சு பிசைகிறது நாளைக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே மவுத்தாகிப் போனவள். ஒரு நாள் ஜலாலுதீன் தன் மாத்திரைப் பையிலிருந்து ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினார். அது இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை. அதோடு பிரஷர் மாத்திரை ஒன்று. அவளுக்கு நெஞ்சு லேசானது. லேசானதாகத் தோன்றியது. அன்றிலிருந்து ஒரு நாள் அவள், ஒரு நாள் அவர்.

அவர்களுக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. கீழக்கரை வழி வந்த குடும்பங்கள். கல்யாணத்தில் பெரிய சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து ஒரே சோற்றில் கை வைத்துச் சாப்பிடுவது அவர்கள் வழக்கம். ருக்கையாவும் ஜலாலுதீனும் வீட்டிலும் அப்படித்தான், இன்றுவரை ஒரே தட்டு. கறித்துண்டை அவர் அவள் பக்கம் தள்ளுவார், அவள் அவர் பக்கம் தள்ளுவாள். மாத்திரையும் அந்தத் தட்டின் ஓரத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

அரசாங்கப் பாலிகிளினிக்கில் அவருக்கு முறை வரும்போது மட்டும், போவதற்குக் கொஞ்ச நாள் முன்பிருந்து பிரஷர் மாத்திரையைத் தினமும் அவரே சாப்பிடுவார். "பரீட்சைக்குப் படிக்குற மாதிரி," என்று ருக்கையா கேலி செய்வாள். அப்படியும் பிரஷர் இறங்கவில்லை. டாக்டர் மாத்திரையின் அளவை ஏற்றினார். ஏற்றிய மாத்திரையும் இரண்டு பேருக்கானது.

மத்தியானக் கூட்டம் ஓய்ந்தது. தால்ச்சாக் குழம்பு அடிப்பானையில் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதை அண்ணாதுரைக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு ஷட்டரை இறக்கினார்கள். ருக்கையா மேல்மாடி வீட்டுக்குப் போய்க் குளித்து, வெங்காய வாடை போக உள்ளங்கையில் எலுமிச்சைத் தோலைத் தேய்த்து, வெளியே போகும்போது உடுத்தும் சேலையில் வந்தாள். கைப்பையை மார்போடு பிடித்திருந்தாள்.

மழையில் டாக்ஸி கிடைக்கவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் அவள், பக்கத்தில் அவர். சிராங்கூன் ரோட்டு நகைக்கடைகளின் வெளிச்சம் நனைந்த கண்ணாடியில் கரைந்து வழிந்தது.

"நீங்க ஏன் இப்படிப் பயப்படுறீங்கன்னுதான் எனக்குப் புரியல," என்றாள் மெதுவாக. "காலையிலேருந்து யோசிக்கிறேன். என்னையத் திட்டுவாங்க. உங்களுக்கு என்ன?"

"கவர்மென்ட்டு மாத்திரை அது. எம்பேர்ல குறைஞ்ச விலைக்குக் குடுத்தது. வேற ஆளுக்குக் குடுத்தேன்னு தெரிஞ்சா நிப்பாட்டிருவாங்க."

"நான் வேற ஆளா?"

"அவங்களுக்கு வேற ஆளுதான். வேற ஐ.சி. நம்பர்."

அவள் சிரித்தாள். "நிப்பாட்ட மாட்டாங்க மச்சான். அந்த ரக்ஷனா புள்ளயப் பாத்தா அப்படித் தெரியல."

"அந்தப் புள்ளயா முடிவு பண்ணப்போவுது? இன்னைக்குப் பேசாம இரு. மாத்திரைய நிப்பாட்டிக்க. ஆப்பரேஷனுக்குள்ள எல்லாம் கழுவிட்டுப் போயிரும்."

"எப்பக் கழுவும்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"தெரியாதுல்ல. எனக்கும் தெரியாது. தெரிஞ்சவங்ககிட்டதானே போறோம்."

ஆஸ்பத்திரியில் ரக்ஷனா அவள் கையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். "என்ன ஆன்ட்டி இது, எங்கயாச்சும் இடிச்சிக்கிட்டீங்களா?"

"நீ குத்துனதுதாம்மா."

"நான் குத்துனதா? ஐயோ ஆன்ட்டி, ஸாரி லா. வாங்க, டாக்டரே பாக்கணும்னு சொன்னாங்க."

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் பிரபாகர் இளவயதுக்காரர். தமிழை யோசித்து யோசித்துப் பேசினார், ஆனால் பேசினார். நாற்காலியை ருக்கையா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, கறுத்த இடத்தின் ஓரத்தை விரலால் லேசாக அழுத்தினார்.

"வலிக்குதா ஆன்ட்டி?"

"இல்ல."

"சின்ன ஊசிதான். இவ்வளவு ரத்தம் கட்டக் கூடாது. உங்க ரத்த டெஸ்ட்லயும் ஒண்ணு சரியில்ல, அதான் திரும்பக் கூப்பிட்டேன். ஸ்கிரீன்ல பாத்தா உங்களுக்கு ஒரு மருந்தும் இல்ல. பாலிகிளினிக்ல இல்ல, எந்த ஆஸ்பத்திரியிலயும் இல்ல. நீங்களும் இல்லைன்னு சொல்லியிருக்கீங்க. ரெண்டும் ஒத்துப் போகுது. ஆனா உங்க கை ஒத்துப் போகல."

ஜலாலுதீன் தொண்டையைக் கனைத்தார். "வயசாயிருச்சு டாக்டர். தோல் மெல்லிசு."

"மச்சான்," என்றாள் ருக்கையா.

கைப்பையைத் திறந்தாள். உள்ளேயிருந்து இரண்டு மாத்திரை அட்டைகளை எடுத்து மேசையில் வைத்தாள். ஜலாலுதீன் அதைப் பார்த்துவிட்டுக் கூரையைப் பார்த்தார்.

"போன வருஷம் நெஞ்சு பிசைஞ்சுச்சு, அதுலேருந்து இதத்தான் சாப்புடுறேன். இவரோடது. நேத்து சொல்லல. அந்தப் புள்ள கிளீனா இருக்குன்னு சொன்னதும் சந்தோஷமாயிட்டேன்."

டாக்டர் அட்டையைத் திருப்பிப் படித்தார். விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டார். "இது ரத்தம் உறையாம இருக்கறதுக்கு. ஆன்ட்டி, இது உங்க உடம்புல இருக்கறது தெரியாம நாங்க ஆப்பரேஷன் பண்ணியிருந்தா, உள்ள ரத்தம் நிக்காது. நாங்க ஏன்னு தேடிக்கிட்டே இருந்திருப்போம்."

ருக்கையா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"எவ்வளவு சாப்புடுறீங்க?"

"ஒருநாள் விட்டு ஒருநாள். ஒரு நாள் நான், ஒரு நாள் இவரு."

"கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?"

"நேத்து," என்றாள் ருக்கையா.

"நேத்து நான்ல," என்றார் ஜலாலுதீன். மாத்திரை அட்டை வெளியே வந்ததிலிருந்து பேசாமல் இருந்தவர் இதற்கு மட்டும் பேசிவிட்டார்.

"நேத்து நீங்க எங்க சாப்பிட்டீங்க? செக்கப்புக்குப் போற அன்னைக்கு நீ சாப்புடு புள்ள, தெம்பா இருக்கும்னு நீங்கதானே குடுத்தீங்க."

"அது வெள்ளிக்கிழமை."

"வெள்ளிக்கிழமையா? வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் சாப்புடுவோம்."

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை ஏன் ரெண்டு பேரும்?"

"ஜும்ஆத் தொழுகை முடிஞ்சு வந்தா கூட்டம் அள்ளும் டாக்டர். ரெண்டு பேருக்கும் தெம்பு வேணும்ல."

ரக்ஷனா வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை நான் எப்படி டைப் பண்றதுன்னு எனக்குத் தெரியல," என்றார். "இந்தக் கட்டத்துல அதுக்கு இடமே இல்ல."

"எங்க, காட்டுங்க," என்றாள் ருக்கையா. அவளுக்கு அந்தப் பயம் போய்விட்டிருந்தது. சொல்லிவிட்டால் எல்லாம் லேசாகிவிடுகிறது. நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து திரையை எட்டிப் பார்த்தாள். "எம்பேரு எங்க இருக்கு? இதுவா? இப்ப என்ன எழுதப்போறீங்க?"

டாக்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். "நோயாளி கணவரோட மருந்தைப் பகிர்ந்து சாப்பிட்டிருக்காங்க, அளவு சரியாத் தெரியலன்னு எழுதுறேன். ஆப்பரேஷனைத் தள்ளி வைக்கிறோம். இந்த மாத்திரைய இன்னைக்கே நிறுத்துறீங்க. உங்க இதயத்தை முதல்ல ஸ்கேன் பண்ணிப் பாக்கறோம், நெஞ்சு ஏன் பிசைஞ்சுதுன்னு. அந்தக் கல்லு வலிகூட அப்படித் தோணும். ஒருவேளை அதுவாவே இருந்திருக்கலாம்."

"அப்படின்னா எனக்கு நெஞ்சுல ஒண்ணும் இல்லாமலேயே இருக்கலாமா?"

"இருக்கலாம். பாத்தாத்தான் தெரியும்."

"பாத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு கேட்டாள், "இதெல்லாம் நாளைக்குத் தோ பாயோ கிளினிக்குக்குப் போனாலும் தெரியுமா?"

"தெரியும் ஆன்ட்டி."

"நல்லதுதான். நான் மறந்தாலும் அது சொல்லும்."

டாக்டர் இப்போது ஜலாலுதீன் பக்கம் திரும்பினார். குரல் மாறியிருந்தது. "அங்கிள், உங்களுக்கு எப்ப ஸ்டென்ட் வெச்சாங்க?"

"அது ஆயிருச்சு. போன வருஷம். வேற ஆஸ்பத்திரி."

"உங்களையும் இன்னைக்கே பாக்கணும். இங்க பேர் பதிஞ்சுட்டு உங்க ரெக்கார்டைத் திறக்கிறேன். சம்மதம்தானே?"

"எதுக்கு டாக்டர்? நாளைக்குப் பாலிகிளினிக்ல பாத்துக்கறேன். கடையில சாமான் ஊறப் போடணும்."

"ஐ.சி.யக் குடுங்க மச்சான்," என்றாள் ருக்கையா. "நேத்து என்னோடதை நான் காட்டலியா? உங்களோடது எப்படி இருக்குன்னு நானும் பாக்கறேன்."

"நீ என்ன பாக்கப்போற?"

"உங்களுக்கும் நெய் கொட்டுனது எல்லாம் இருக்கான்னு."

அவர் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தார். கொடுப்பதற்கு அவருக்கு மனமில்லை, கை மட்டும் நீண்டிருந்தது. ரக்ஷனா அதை மெதுவாக வாங்கிக்கொண்டு முன்மேசைக்குப் போனாள். திரும்பி வந்து டாக்டரிடம் தலையசைத்தாள்.

டாக்டர் தட்டினார். படித்தார். மேலே போய், கீழே வந்து, மறுபடி படித்தார்.

"உங்க பாலிகிளினிக் டாக்டர் பிரஷர் மருந்தை ஏத்திக்கிட்டே போயிருக்காங்க. அவங்களப் பொறுத்தவரைக்கும் நீங்க தினமும் சாப்புடுறீங்க. நாளைக்கு நீங்க எங்கயாச்சும் அட்மிட் ஆனா, இந்த லிஸ்ட்டப் பாத்து முழு அளவையும் தினமும் குடுப்பாங்க. மயங்கி விழுந்துருவீங்க. அது ஒண்ணு." கொஞ்சம் நிறுத்தினார். "அதைவிடப் பெருசு இந்த ரத்த மாத்திரை. ஸ்டென்ட் வெச்ச முதல் வருஷம் இதை விட்டா அந்தக் குழாயே அடைச்சுக்கும். இத்தன நாளா உங்களுக்கு ஒண்ணும் ஆகலன்னா, அது..." என்று தமிழில் வார்த்தை தேடி, கிடைக்காமல் கையை விரித்தார்.

ருக்கையா நாற்காலியின் நுனியிலிருந்து பின்னால் சாய்ந்தாள். "டாக்டர், அப்படி இல்ல. ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டாலே போதும்னு அங்க சொன்னாங்கன்னு இவரு சொன்னாரே. மிச்சம் இருக்கு, நீ சாப்புடுன்னு அதனாலதான் குடுத்தாரு. அவங்க தப்பாச் சொல்லிட்டாங்களா?"

டாக்டர் ஜலாலுதீனைப் பார்த்தார். "அங்கிள், இதைப் படிக்கலாமா?"

ஜலாலுதீன் தன் இரண்டு கைகளையும் முட்டியில் வைத்திருந்தார். நெய்யும் மசாலாவும் ஏறி மஞ்சளாகிப்போன நகங்கள். 

"படிங்க," என்றாள் ருக்கையா.

ஜலாலுதீன் தலையை ஒருமுறை அசைத்தார். அதற்குப் பிறகுதான் டாக்டர் படித்தார். ஆங்கிலத்தில் இருந்ததை நிதானமாகத் தமிழாக்கிச் சொன்னார்.

"வீட்டுக்கு அனுப்புற அன்னைக்கு எழுதுன குறிப்பு. இந்த மாத்திரைய ஒரு நாளும் விடக் கூடாது, விட்டா உயிருக்கே ஆபத்துன்னு தமிழ் தெரிஞ்ச நர்ஸை வெச்சு விளக்கியிருக்காங்க. புரிஞ்சுதான்னு தெரிஞ்சுக்க, அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொல்லியிருக்காங்க." டாக்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சரியாத் திருப்பிச் சொன்னாருன்னு போட்டிருக்கு."

அந்த நாளை ருக்கையா நினைத்துப் பார்த்தாள். அவள் கடையில் இருந்தாள். ஆளில்லாததால் தனியாக அண்டா இறக்கிய நாள் அது. அவர் டாக்ஸியில் வந்து, மேலே போகாமல் நேரே கடைக்கு வந்து, மருந்துப் பையைக் கல்லாவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, உனக்கு ஏன் முகம் இப்படி வெளுத்திருக்கு என்று கேட்டார். நெஞ்சு பிசையுது என்று அவள் சொன்னாள். நாளைக்குப் பாத்துக்கலாம் என்றாள்.

ரக்ஷனா கதவருகில் நின்றபடி, வெளியே போவதா இருப்பதா என்று தெரியாமல் கைப்பிடியைப் பிடித்திருந்தாள். டாக்டர் திரையை மெதுவாகத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். ருக்கையா புருஷன் முகத்தைப் பார்த்தாள். இவ்வளவு வருடம் ஒரே தட்டில் சாப்பிட்ட முகத்தைப் புதிதாக ஒருத்தரைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"அப்ப தெரிஞ்சேதான் எனக்குக் குடுத்தீங்களா, மச்சான்?"